மூன்று வருஷத்துப் பழைய நெல்

காந்தி மார்க்கெட், திருச்சி
2-6-1966

அக்காவுக்கு வெள்ளைச்சாமி எழுதுவது.

சௌக்கியமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப்போவதில்லை. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். சண்டைக்காரர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால், போட்ட வெற்றிலை வாயில் கரைவதற்குள் உன் ஊர் வந்துவிடும். ஆனாலும் தபால்தான். காரணம் உனக்கே தெரியும். பொங்கலன்று என் கணக்கப்பிள்ளையை வைத்துக்கொண்டு, "மூட்டை தூக்குனவன்தானே, இவனுக்கு மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு எங்க தெரியும்" என்றாய். நான் மூட்டை தூக்கினவன்தான். இதே மார்க்கெட்டில் தூக்கி, இதே மார்க்கெட்டில் மண்டி வைத்து, மில்லும் வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உன் வாய்க்குத்தான் வெட்கமில்லை. அன்றோடு உன் வாசற்படி எனக்கு முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் கொள்ளிடம் ஏறுகிறது என்று பயந்து, உங்கள் தெருவின் விதை நெல்லை எல்லாம் வண்டியில் ஏற்றி என் கிடங்குக்கு அனுப்பினாய். இப்போது வாய்க்காலில் தண்ணீர் வரப்போகிறது, மூட்டைகளை அனுப்பு என்று உங்கள் தெரு அம்மாசியிடம் சொல்லியனுப்பினாய். நாளைக்கு வண்டி வரும். மூட்டை குறையாது. ஒன்று கூடவே இருக்கும்.

ஆனால் நீ வைத்த மூட்டைகள் அல்ல இவை. மறைக்க ஒன்றுமில்லை, கேட்டுக்கொள். மாசியில் இந்த ஊரில் அரிசி இல்லை. ரேஷன் கடையில் கப்பலில் வந்த கோதுமையை அள்ளிப் போடுகிறார்கள். தேசத்துக்காகத் திங்கட்கிழமை ராத்திரி சோற்றை விடச் சொல்கிறார்கள். சோறே இல்லாதவன் எதை விடுவான்? பொன்மலை ரயில் பட்டறைக்காரர்கள் வீட்டுப் பெண்கள் என் மில் வாசலில் விடிவதற்கு முன் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ரோசம்மாள் என்று ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு. "அண்ணே, இந்தக் கோதுமைய வச்சுக்கிட்டு என்னங்க பண்றது, புள்ளைக்குச் செமிக்க மாட்டேங்குது. ரெண்டு படி அரிசி இருந்தாத் தாங்க" என்றாள். உள்ளே உங்கள் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. வெளியே இவள் நிற்கிறாள். அரைத்தேன். சரியான விலைக்குத்தான் விற்றேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாய்.

பதிலுக்கு அனுப்புவது என் கிடங்கின் உசந்த சரக்கு. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மட்டும் எடுத்துத் தருகிற நெல். அதுவும் உன் வயலில் விளைந்த அதே குறுவைக் களஞ்சியம் ரகமே, நான் உன்னிடம் வாங்கி வைத்தது. கையில் அள்ளிப் பார், தெரியும். இனி நீ கத்துவதற்கு ஒன்றுமில்லை.

வெள்ளைச்சாமி


மேலூர், ஸ்ரீரங்கம்
17-6-1966

தம்பிக்கு,

கத்தத்தான் போகிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று தெருவில் எல்லாரும் நெல்லை ஊறப்போட்டோம். வடித்துச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல் ஏற்றி வைத்தோம். நாற்றங்காலை உழுது சேறாக்கிச் சமன் செய்தாகிவிட்டது. சாக்கைப் பிரித்தால் உள்ளே ஒரு மணியும் வெடிக்கவில்லை. வெந்நீரில் கிடந்த பயறு மாதிரி உப்பிக் கிடக்கிறது. புளித்த நாற்றம். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று மூடி வைத்தேன். மறுநாள் நூல் விட்டிருந்தது.

நம் வீட்டுச் சாக்கு மட்டும் இல்லை. தெரு முழுக்க அப்படித்தான். அம்மாசி பெண்டாட்டி மயிலம்மாள் சாக்கைக் கவிழ்த்துப்போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, இது செத்த நெல்லும்மா" என்றாள். அப்புறம்தான் ஒரு மணியை எடுத்துக் கடித்தேன். கொட்டைப்பாக்கு மாதிரி இருந்தது. எத்தனை வருஷத்து நெல்லடா இது?

உசந்த சரக்கு என்று எழுதினாய். உன் வயலில் விளைந்தது என்று எழுதினாய். எந்த வருஷம் விளைந்தது என்று எழுத உன் பேனாவில் மை இல்லையா?

நான் பொங்கலன்று சொன்னது வாய் தவறிச் சொன்னதில்லை. இப்போதும் சொல்கிறேன். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

வள்ளிக்கண்ணு


காந்தி மார்க்கெட்
20-6-1966

அக்காவுக்கு,

மூன்று வருஷத்து நெல். மறைத்தேன் என்கிறாயே, அது மறைக்கிற சங்கதியா? பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சங்கதி! பழைய நெல் குத்தினால் சோறு உதிர் உதிராக வரும், குழையாது, ஒட்டாது. பாலக்கரை பரக்கத் அலி பாய் பிள்ளை நிக்காஹ்வுக்கு அந்த நெல்லைக் கேட்டு நாலு தடவை ஆள் அனுப்பினார். இல்லை என்று சொல்லிவிட்டு உனக்கு அனுப்பினேன். புது நெல்லை வாங்கிக்கொண்டு பழைய நெல்லைத் திருப்பிக் கொடுத்தவன் இந்த மார்க்கெட்டில் நான் ஒருத்தன்தான். அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது.

பத்து வயசில் என்னை வயலிலிருந்து கிளப்பி டவுனுக்கு அனுப்பினது யார்? அய்யாவும் நீயும். "நிலம் ஒரு ஆளுக்குத்தான் சோறு போடும், நீ போயிப் பொழச்சுக்க" என்றீர்கள். பிழைத்துக்கொண்டேன். இப்போது வந்து, விதைக்குப் புதுசு, சோற்றுக்குப் பழசு என்று ஏன் படிக்கவில்லை என்கிறாய். எனக்கு நெல் என்றால் அரிசி. அதைச் சாப்பிட ஆள் நிற்கிறது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். நாற்பது மூட்டை நெல் எட்டு மாசம் ஒரு கிடங்கில் சும்மா தூங்குவதும், அதன் சுவருக்கு வெளியே பிள்ளைகள் பட்டினியாக இருப்பதும் எந்த ஊர் நியாயம்? விதை, விதை என்று நீ கும்பிடுகிறாய். பசித்தவன் வயிற்றில் போகாத நெல் எனக்கு மண்ணாங்கட்டி.

போனது போகட்டும். சர்க்கார் புது விதை கொடுக்கிறது, தஞ்சாவூர்ப் பக்கம் எல்லாரும் போடுகிறார்கள். மடங்கு மடங்காக விளைகிறதாம். உரமும் நான் அனுப்புகிறேன், என் கடையிலேயே இருக்கிறது. காசு கேட்கவில்லை. உன் பிடிவாதத்தை விட்டுவிட்டுப் போடு. அழுதுகொண்டிருக்கப் பருவம் காத்திராது.

வெள்ளைச்சாமி


மேலூர்
23-6-1966

தம்பிக்கு,

கிராம சேவக், அந்தச் சர்க்கார் ஆள், நேற்று அவராகவே வந்தார். புது விதை நன்றாக விளைகிறது என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை. எவ்வளவு உரம் என்று கேட்டேன், சொன்னார். "இங்க கொள்ளிடம் ஏறி நாலு நாள் வயல்ல தண்ணி நிக்குமுங்க. இது தாங்குமா?" என்றேன். "அத இன்னும் பாக்கலீங்கம்மா" என்றார். பார்த்துவிட்டு வாங்க, அப்புறம் போடறேன் என்று மோர் கொடுத்து அனுப்பினேன். நம் நெல் தாங்கும். அய்யா காலத்தில் தாங்கியதை நீயும் பார்த்திருக்கிறாய், மறந்துவிட்டாய்.

நீ உரத்தைச் சும்மா தருவாய், இந்த வருஷம். அடுத்த வருஷம் விலைக்கு. அதற்கடுத்த வருஷம் உரமும் உன் கடையில், விதையும் உன் கடையில், விளைந்ததும் உன் கடைக்கு. நடுவில் நாங்கள் எதற்கு, நாற்று நட்ட கையைக் கழுவிக்கொண்டு போகவா? நாங்கள் தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைக்கிறோம், மடக்கி உழுகிறோம், சாணியும் சாம்பலும் போடுகிறோம். விளைந்ததில் ஆளுக்கு இவ்வளவு என்று பொதுக் குதிரில் போட்டு வைக்கிறோம். ஆடியில் அடுப்பு எரியாத வீடு எங்கள் தெருவில் இல்லை. நீ மெச்ச வேண்டாம். கெடுக்காமல் இருந்தால் போதும்.

பசியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாய். அந்த ரோசம்மாள் பிள்ளைக்குச் சோறு கொடுத்தாய், அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் வந்து, "அக்கா, ஜனம் பட்டினி கிடக்குது" என்று சொல்லியிருந்தால் எங்கள் குதிரைத் திறந்துவிட்டிருப்பேன். அதில் இருந்தது தின்கிற நெல். நீ அரைத்தது விதை. மாசியில் உன் ஊரில் இருந்த பசியை எடுத்து அறுப்பு இல்லாத ஐப்பசிக்குத் தள்ளியிருக்கிறாய், அங்கிருந்து எடுத்து எங்கள் தெருவில் வைத்திருக்கிறாய். அவ்வளவுதான் நீ செய்தது. அதற்குப் பெயர் பசி தீர்ப்பதா?

நாற்றங்கால் காய்கிறது. வேறு யாரிடமும் இந்த விதை இல்லை, விசாரித்தாகிவிட்டது. அம்மாசி பெண்டு பிள்ளைகளோடு கல்லுடைக்கப் போகிறேன் என்கிறான். அவன் போனால் பின்னாலேயே பாதித் தெரு போகும். அப்புறம் நிலம் மட்டும்தான் இருக்கும்.

எனக்கு உன் உரமும் வேண்டாம், உபதேசமும் வேண்டாம். நீ எடுத்த விதை வேண்டும். ஆனி முடிவதற்குள் அது இங்கே வர வேண்டும். வராவிட்டால் தெருவோடு வந்து உன் மண்டி வாசலில் உட்காருவோம். உன் ரோசம்மாளுக்கும் இடம் விட்டே உட்காருவோம்.

வள்ளிக்கண்ணு


காந்தி மார்க்கெட்
2-7-1966

அக்காவுக்கு,

மிரட்டலுக்குப் பயந்து இதைச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மண்டி வாசலில் கூட்டம் கூடினால் வியாபாரம்தான் நடக்கும்.

அரைத்ததை நெல்லாக்க என்னால் முடியாது. ஆனால் அந்தச் சரக்கு எங்கெங்கே போயிற்று என்பதை யோசித்தேன். எல்லாம் மில்லுக்குள் போய் அரிசியாக வந்தது. ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் நெல்லாகவே போனது. உறையூரில் அற்புதம்மாள் என்று பொரி வறுக்கிற அம்மாள். நெல்லைத்தான் வாங்குவாள், கார்த்திகைப் பொரிக்கு முன்கூட்டியே வாங்கிப் பானையில் போட்டு வைக்கிற கெட்டிக்காரி. போனேன்.

"ஏம்மா, மாசியில எடுத்துட்டுப் போன நெல்லு இருக்கா?"

"இருக்குங்க முதலாளி. ஏன், வெல ஏறிப்போச்சுன்னு மிச்சக் காசு வாங்க வந்தீங்களா?"

"அதத் திருப்பிக் குடும்மா. பதிலுக்கு நல்ல பழைய நெல்லாத் தரேன்."

அந்த அம்மாள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "உங்க நல்ல பழைய நெல்லு கதைதான் மேலூர்ல நாறுதாமே! நேத்து சந்தையில அதத்தான் பேசுனாங்க. எனக்கு வேணாமுங்க சாமி."

உன் புண்ணியத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் என் பெயர் நாறுகிறது. சந்தோஷம்தானே?

கடைசியில் புது நெல்லே வாங்கித் தருவதாகச் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். தேறியது ஒரே மூட்டைதான். அவள் வீட்டுச் சந்துக்குள் வண்டி நுழையாது. கூட வந்த ஆளைத் தூக்கச் சொல்லியிருக்கலாம். யார் எங்கே மாற்றிவிடுவானோ என்று மனசு கேட்கவில்லை. நானே தலையில் வைத்து நடந்தேன். நாச்சியார் கோயில் பக்கம் என் மண்டிக் கூலிக்காரர்கள் ரெண்டு பேர் டீக்கடையில் இருந்தார்கள். ஒருத்தன் எழுந்து, "மொதலாளி, கழுத்த நிமுத்துங்க, பழக்கம் விட்டுப்போச்சு" என்றான்.

இன்னொன்று. இந்தத் தடவை உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளக்கூடாது என்று, ஒரு பிடி நெல்லை ஈரத்துணியில் சுற்றிக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்றுப் பிரித்தேன். ஒவ்வொரு மணியும் வெள்ளையாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ மூட்டை பார்த்திருக்கிறேன், நெல் மூக்கை நீட்டி நான் பார்த்ததில்லை. கல்லாவைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன், வெளியே ரெண்டு கிராக்கி காத்திருந்தது. இதை வைத்து என்னைப் பற்றி நீ ஒன்றும் முடிவு கட்ட வேண்டாம்.

மூட்டையைப் பாலத்தின் அக்கரையில் அம்மாசியிடம் ஒப்படைக்கிறேன். உன் வாசற்படி மிதிக்கமாட்டேன் என்றது அப்படியே இருக்கிறது.

வெள்ளைச்சாமி


மேலூர்
5-7-1966

தம்பிக்கு,

மூட்டை வந்தது. மணி கடித்துப் பார்த்தேன், ஊறப்போட்டும் பார்த்தேன். உயிர் இருக்கிறது. "மொதலாளி பாலம் நெடுக மூட்டை மேலயே உக்காந்துக்கிட்டு வந்தாரும்மா, கோழி அடை காக்குற மாதிரி" என்று அம்மாசி சொன்னான். தெருவே சிரித்தது. ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார்கள்.

ஆனால் இதை ஏதோ பெரிய உபகாரம் என்று நினைக்காதே. ஒரு மூட்டை விதை தெருவுக்குக் காணாது. நேற்று எல்லாரும் கூடிப் பேசினோம். வீட்டுக்கு வீடு பிரித்தால் ஆளுக்கு நாலு பிடி நெல்லும் ஒரு சண்டையும்தான் மிஞ்சும். அதனால் ஒரே நாற்றங்கால், நம் மேட்டு வயலில் மட்டும் நடவு. விளைவது முழுக்க விதை. ஒருத்தரும் அதிலிருந்து ஒரு பிடி தின்னக்கூடாது, நான் உட்பட. மற்ற நிலத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, சம்பாவுக்கு விடுகிறோம். சம்பா விதை லால்குடிப் பக்கம் கிடைக்கும்.

அப்படியென்றால் தை வரைக்கும் தெரு எதைத் தின்னும்? குதிரில் இருப்பது ஆடிக்கே சரியாகப் போகும். அங்கேதான் நீ வருகிறாய். உன் கிடங்கில் மிச்சமிருக்கிற கல்யாணச் சரக்கு, உதிர் உதிராக வருமே, அந்தப் பழைய நெல். அதை அரைத்து வாரா வாரம் அனுப்பு. கடனாக இல்லை, தானமாகவும் இல்லை. எங்கள் குறுவையை நீ எடுத்தாய், அந்தக் குறுவைக்கு இது. சம்மதம் என்றால் அம்மாசி கல்லுடைக்கப் போகமாட்டான். இல்லை என்றால் அவன் வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். நீயே முடிவு பண்ணு. பசித்தவன் வயிற்றில் போகாத நெல் மண்ணாங்கட்டி என்று எழுதினது நீதான், கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வள்ளிக்கண்ணு


காந்தி மார்க்கெட்
19-8-1966

அக்காவுக்கு,

இந்த வாரத்து அரிசி வண்டியில் வருகிறது. போன வாரம் கல் இருந்தது என்று மயிலம்மாள் வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். விலை கொடுத்து வாங்குகிறவன்கூட இப்படிக் குறை சொல்வதில்லை. பரக்கத் அலி பாய் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சப்ளை ஆபீஸிலிருந்து ஆள் வந்து, வாரா வாரம் பாலம் தாண்டி யாருக்கு அரிசி போகிறது என்று கேட்டான். "எங்க அக்கா வீட்டுக்குங்க" என்றேன். "உங்க அக்கா என்ன யானை வளக்குறாங்களா?" என்றான். யானை இல்லை, அதைவிட மோசம் என்றேன். பெர்மிட் வாங்க ரெண்டு நாள் அலைந்தேன். இதையும் நீ கணக்கில் வைத்துக்கொள்.

பயிர் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வண்டிக்காரன் சொன்னால் காதில் விழுகிறது.

வெள்ளைச்சாமி


காந்தி மார்க்கெட்
27-10-1966

அக்காவுக்கு,

மேட்டு வயல் அறுப்பு முடிந்து, காயவைத்துத் தூற்றியும் ஆயிற்றென்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. எழுதாதே. நானாகவே எழுதுகிறேன், ஏனென்றால் விஷயம் அவசரம்.

மேற்கே மழை கொட்டுகிறது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறப்போகிறது என்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். உன் குதிர் தரை மட்டத்தில் இருக்கிறது. அந்த விதையை நனைய விட்டால் இத்தனை மாசமாக நான் கொட்டிய அரிசி அவ்வளவும் ஆற்றில் போட்ட மாதிரி. அதை என்னால் தாங்க முடியாது. நான் வியாபாரி.

என் கிடங்கை நம்பமாட்டாய் என்று தெரியும். நானும் உன் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன். மாசி மாசம் மறுபடி வரும், மில் வாசலில் மறுபடி பெண்கள் வந்து உட்காருவார்கள், ஒரு பிள்ளை அழும். அப்போது நான் என்ன செய்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை. மாசியில் செய்தது தப்பு என்று இப்போதும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்தப் பிள்ளை இன்றைக்குத் தெருவில் ஓடுகிறது.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். கிடங்கின் பின்பக்கம், மேடான இடத்தில் ஒரு அறை தடுத்துக் கட்டியிருக்கிறேன். தளம் உயர்த்தி, கீழே பலகை போட்டாயிற்று. எலி நுழையாது. தனிக் கதவு, தனிப் பூட்டு. எனக்கு இதுவரை சரக்கு ரெண்டு வகைதான், விற்றது ஒன்று, விற்கப்போவது ஒன்று. விற்கக்கூடாத சரக்குக்கு என் கிடங்கில் இடம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

பொன்மலைக்காரர்களுக்கும் நீ சொன்ன மாதிரி ஒரு பொதுக் குதிர் போட முடியுமா என்று ரோசம்மாள் புருஷனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். தின்கிற நெல் ஒரு பக்கம் இருந்தால் விதைமேல் கை போகாது என்பது வியாபாரிக்கும் புரிகிற கணக்குத்தான். நீ சொல்லித்தான் புரிந்தது என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரியாதே.

அறைச் சாவியை அம்மாசியிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு சாவிதான். மறுசாவியை அவன் கண் முன்னாலேயே காவிரியில் போட்டேன். வேண்டுமென்றால் அவனைக் கேள்.

வெள்ளைச்சாமி


மேலூர்
29-10-1966

தம்பிக்கு,

சாவி வந்தது. ஆற்றில் எதையோ போட்டது நிஜம்தான் என்று அம்மாசி சொல்கிறான். அது எந்தப் பூட்டின் சாவி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? உன்னை நம்பி ஒரு குறுவை போனது போதும். நானே ஒரு புதுப் பூட்டு வாங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் விதை மூட்டைகளோடு வண்டியில் வருகிறேன். இறக்கி, எண்ணி அடுக்கி, நானே பூட்டுகிறேன். உன் சாவியை நீயே வைத்துக்கொள்.

பொங்கலன்று சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று இப்போது உனக்குத் தெரியும். மூட்டை தூக்கினவன் என்றது அப்படியே நிற்கட்டும். இறக்க ஆள் போதாது, நீயும் ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கும்.

மத்தியானம் சாப்பாடு உன் வீட்டில்தான். என்னோடு இன்னும் ரெண்டு பேர் வருவார்கள். புது அரிசி ஆக்கச் சொல். உன் பழைய அரிசியைப் போட்டால் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

வள்ளிக்கண்ணு